கொசியஸ்கோ மலையில் ஐந்து மாடுகள்

சிட்னியில் இறங்கிய காலையில் என் மூக்கில் ஏறியது ஊட்டியின் வாசம். காரின் கண்ணாடியை இறக்கியதும் குப்பென்று கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின், நெடி. சாலையின் இரண்டு பக்கமும் அதே வெளுத்த அடிமரம், அதே உரிந்து தொங்கும் பட்டை. நீலகிரியில் பதினெட்டு வருஷம் மண் பாதுகாப்பு வேலை பார்த்தவன் நான். அந்த மரத்தையும் வேட்டில் எனப்படும் சீகை மரத்தையும் சரிவு சரிவாக நட வைத்திருக்கிறேன். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்கிய இடம் சொந்த ஊர் மாதிரி மணத்தது என்னவோ போல இருந்தது.

சிட்னியின் புறநகரான நார்த்மீட்டில் டாக்டர் சிவபாலன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர், என் நண்பருக்கு நண்பர். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் மனைவி ராணி என்னைப் பெட்டியைக்கூட வைக்க விடவில்லை; நேரே சமையலறை நாற்காலிக்கு அழைத்தார்.

"குசினிக்குள்ள வாங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. இடியப்பம் அவிச்சிருக்கிறன்."

"அரிசி மாவெல்லாம் இங்க கிடைக்குதுங்களா?"

"ஓம், சீனன்ர கடையில கிடைக்கும். மிளகாய்த்தூள் அம்மா அனுப்பினவ. தேங்காய்தான் காய்ஞ்ச பூ."

காய்ந்த தேங்காய்ப் பூவை வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்த பாலில் சொதி. அவர்கள் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. சொதி முழுவதும் புரிந்தது.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். இந்த நாட்டின் மிக உயரமான மலையான கொசியஸ்கோவில் நூறு வருஷத்துக்கு மேல் மாடு மேய்த்து மண் போய்விட்டது. இப்போது மாடுகளை வெளியேற்றிவிட்டுப் புல்லை மறுபடியும் வளர்க்கிறார்கள். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் தோடர்கள் எருமை மேய்ப்பதை நிறுத்த அதே வழி உதவுமா என்று பார்த்து, அறிக்கை எழுத வேண்டும். அதற்காகத்தான் எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது.

"அப்ப உங்களுக்கு முதல்ல குளிர்ச்சட்டை வேணும்" என்றார் டாக்டர். அவருடைய கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். "போட்டு வாறன்" என்று விடைபெறும் வார்த்தையை ராணி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் "போயிட்டு வர்றேன்" என்றே கிளம்பினேன்.

மலைக்குப் போகிற பேருந்து ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. ஓட்டுநர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் இறங்கி எஞ்சினுக்கு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். பக்கத்து இருக்கைக் கிழவி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். நடுவில் மாட்டிறைச்சி. வேண்டாம் என்றதும் அவள் யோசித்துவிட்டு இறைச்சியைத் தான் உருவிக்கொண்டு வெறும் ரொட்டியைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

புல் வளர்க்கும் குழுவின் முகாம் ஒரு தகரக் கொட்டகை. மொத்தம் ஆறு பேர். தலைவர் கீத், நாற்பது வயது, மெல்பர்னில் படித்தவர், நிதானமானவர். என் பெயர் வேலாயுதம் என்றேன். இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு "வெல்" என்று முடித்துவிட்டார். மற்றவர்கள் கூலி வேலைக்காரர்கள். அவர்களில் லெஸ் என்பவன் என் வயதுக்காரன், நாற்பத்தெட்டு இருக்கும். வெயில் தின்ற முகம், வளைந்த கால்கள். முதல் ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து, எழுந்து போய் இரண்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான்.

மறுநாள் கீத் என்னை உச்சிக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் வண்டி போகும். நான் ஊசி முனையை எதிர்பார்த்திருந்தேன். கொசியஸ்கோ ஒரு பெரிய யானை படுத்திருப்பது போல இருந்தது. மேகம் இறங்கி எதுவும் தெரியவில்லை. மெல்பர்னிலிருந்து வந்த ஒரு குடும்பம் கல் குவியலின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்று அந்த அம்மாள் கணவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கும் அதே எண்ணம்தான்.

அதற்கடுத்த நாள் கீத் காட்டிய இடம் வேறு. உச்சியிலிருந்து சில மைல் தள்ளி, மலையின் கிழக்கு முகத்தில் ஒரு பெரும் குடைவு. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. அடியில் கருநீலத்தில் ஓர் ஏரி. கோடை நடுவிலும் பாறை இடுக்கில் அழுக்குப் பனி கிடந்தது.

"பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே பனி உறைந்து பாளமாகக் கிடந்தது. வெறுமனே கிடக்கவில்லை, நகர்ந்தது. இந்தக் குழியைத் தோண்டியது அதுதான். தோண்டின கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு போய் அதோ அந்த மேடாகப் போட்டது. ஏரியைத் தடுத்து நிற்பது அந்த மேடுதான்" என்றார் கீத்.

ஒரு பாறையைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழுவழுப்பான பாறையின் மேல் நேர்க்கோடுகள், எல்லாம் ஒரே திசையில். பனியின் அடியில் சிக்கிய கற்கள் இழுபட்டுக் கீறியவை. விரல்களைக் கோட்டில் வைத்து ஓட்டினேன். உச்சியில் வராத பயம் அங்கே வந்தது. இத்தனை பெரிய ஒன்று இங்கே இருந்து, நகர்ந்து, இல்லாமலே போயிருக்கிறது. பனி போன பிறகு இந்த வெறும் கல்லின் மேல் பாசி பிடித்து, மக்கி, ஒரு முழ ஆழம் மண் சேர எத்தனை காலம் ஆகியிருக்கும்?

அந்த மண்ணைத்தான் மாடுகள் குளம்பால் உடைத்துவிட்டன. மேலே முகட்டில் பார்த்தேன். சொறி பிடித்தது போலச் சரளைக்கல் திட்டுகள். குழுவினர் அதன் மேல் வைக்கோலைப் பரப்பி, காற்று அடித்துப் போகாமல் கம்பி வலை போட்டு, அடியில் புல் விதைத்திருந்தார்கள். சில இடங்களில் பச்சை பிடித்திருந்தது. வெள்ளைச் சாமந்தி போன்ற பூக்கள் அடர்ந்து கிடந்தன. ஓடைகளின் தலைப்பில் ஈரப்பாசி மெத்தைகள். அழுத்தினால் கை மணிக்கட்டு வரை குளிர்ந்த தண்ணீர். ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

வலைக்குக் கம்பி முடுக்கிக்கொண்டிருந்த லெஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தத் திட்டு யார் செய்தது தெரியுமா?" என்றான். "என் அப்பாவின் மாடுகள். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் மாடுகள். கோடை பிறந்தால் இருநூறு உருப்படியை இங்கே ஏற்றுவோம். பிறகு சட்டம் வந்தது, விற்றுவிட்டோம். இப்போது அதே இடத்தில் வைக்கோல் பரப்ப எனக்குக் கூலி தருகிறார்கள்." கசப்பாகச் சொல்லவில்லை, மழை வந்தது என்பது போலச் சொன்னான்.

ஒரு வாரம் போனது. ஒருநாள் மதியம் பாசி மெத்தைகளின் ஆழத்தை அளக்க நான் மட்டும் ஓடையின் தலைப்புக்கு ஏறினேன். வழியில் சாணம் கிடந்தது, ஈரம் காயாத சாணம். இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஒரு குரல். யாரோ நீட்டி முழக்கி எதையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டின் மேல் படுத்து எட்டிப் பார்த்தேன்.

பள்ளத்தில் லெஸ் நின்றான். தோளில் ஒரு கோணிப்பை. அவன் குரலுக்குப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்து பசுக்கள், செவலை உடம்பு, வெள்ளை முகம். அவன் தட்டைக் கல்லில் உப்பைக் கொட்டினான். அவை சுற்றி நின்று நக்கின. ஒன்று மட்டும் உப்பை விட்டுவிட்டு அவன் உள்ளங்கையை நக்கியது. அவன் அதன் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

அவற்றின் கால்களுக்குக் கீழே பார்த்தேன். பாசி மெத்தை கிழிந்து, கறுப்புச் சேறாகி, நடுவே பழுப்புத் தண்ணீர் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியது.

எழுந்தபோது கல் உருண்டது. லெஸ் திரும்பிப் பார்த்தான். நான் இறங்கிப் போனேன்.

"அப்பா வளர்த்த இனத்தில் மிஞ்சினவை இவை. கீழே மழை இல்லை. குத்தகை நிலத்தில் புல் கருகிப் போச்சு. இன்னும் மூணு வாரம் மேய்ந்தால் பிழைத்துக்கொள்ளும்" என்றான்.

நான் கிழிந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் பார்த்தான். "தெரியும்" என்றான். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தேநீருக்கு எல்லோரும் கொட்டகை வாசலில் நின்றோம். கீத் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. கீழ் ஓடையில் எடுத்த தண்ணீர், கலங்கிப் பழுப்பாக இருந்தது.

"மேலே எங்கேயோ மாடு நுழைந்திருக்கிறது" என்றார். "வெல், நேற்று நீங்கள் அந்தப் பக்கம்தானே போனீர்கள்? ஏதாவது கண்ணில் பட்டதா?"

லெஸ் எனக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றான், கோப்பையைப் பார்த்தபடி.

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். நான் விருந்தாளி. இந்த மலை என்னுடையதல்ல. இரண்டு வாரத்தில் போய்விடுவேன். ஆனால் விரலில் அந்தப் பாறையின் கீறல் இருந்தது. கண்ணில் முந்தின நாள் பார்த்த கறுப்புச் சேறு இருந்தது. மண்ணைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

"பார்த்தேன். ஐந்து மாடுகள்" என்றேன்.

"யாருடையவை?"

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னுடையவை, கீத்" என்றான் லெஸ். "அவரை ஏன் கேட்கிறாய்? என்னைக் கேள்."

கீத்தின் முகம் சுண்டிப்போனது. இருவரும் பல வருஷப் பழக்கம். ஒதுங்கிப் போய் வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்த லெஸ் கொட்டகைக்குள் போய்த் தன் போர்வையைச் சுருட்டினான். வேலை போய்விட்டது. அன்றைக்கே மாடுகளைக் கீழே இறக்கிவிட்டால் வழக்கு இல்லை.

"நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. லெஸ் தோளைக் குலுக்கினான். "பின்னால் ஒரு ஆள் இருந்தால் நல்லதுதான்."

அரை நாள் நடந்தோம். அவன் முன்னால், நடுவில் ஐந்து பசுக்கள், கடைசியில் டாக்டரின் கோட்டோடு நான். புல்வெளி முடிந்து மரங்கள் தொடங்கின. பனியிலும் காற்றிலும் முறுக்கிக்கொண்ட கற்பூர மரங்கள். அவற்றின் அடியில் உட்கார்ந்து, லெஸ் தன் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தான். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"எதுக்கு? பொய் சொன்னாயா?"

அப்போது அவனிடம் குட்டனைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. குட்டன் ஒரு தோடர். நாங்கள் மரக்கன்று நட்டு வேலி போட்ட சரிவில் அவருடைய எருமைகள் இறங்கிவிட்டன. நான் உத்தரவு போட்டு ஆறு எருமைகளைப் பட்டியில் அடைத்தேன். அவற்றை விடுவிக்க அனுமதி கேட்ட கடிதம் போய் வர நாலு நாள் ஆனது. நாலாம் நாள் சினை எருமை ஒன்று செத்துப்போனது. குட்டன் என்னைத் திட்டவில்லை. "சாமி, இது மேய்ஞ்ச இடத்துலதான் மேய்ஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

லெஸ் மெல்லுவதை நிறுத்தினான். "அந்த எருமைகள் உங்கள் மலையை இப்படிக் கெடுத்துவிட்டனவா?"

"இல்லை" என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் வெளியே வரும் என்று நான் நினைக்கவில்லை. "எத்தனையோ தலைமுறையா மேயுது. புல் நல்லாத்தான் இருந்தது. நாங்க மரம் நட்டோம். மரம் வளர்ந்த இடத்துல ஊற்று வத்திப்போச்சு, சதுப்பு காய்ஞ்சு போச்சு."

"என்ன மரம்?"

தலைக்கு மேலே காட்டினேன். லெஸ் நிமிர்ந்து கிளைகளைப் பார்த்தான். அந்த ஒரு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தான், சத்தமில்லாமல், தோள் குலுங்க. பிறகு சிரிப்பு நின்றது.

"இதை உன் மேலதிகாரியிடம் சொன்னாயா?"

"இல்லை."

"என் மேலதிகாரியிடம் சொன்னாய்" என்றான்.

குரலில் கோபம் இல்லை. எழுந்து மாடுகளை ஓட்டத் தொடங்கினான். சாலை வரும் வரை நான் பின்னால் நடந்தேன். அங்கே அவன் அண்ணன் லாரியோடு காத்திருந்தான். ஐந்து பசுக்களும் பலகையில் தயங்கித் தயங்கி ஏறின. லெஸ் ஏறும் முன் கையை நீட்டினான். சொரசொரப்பான, சூடான கை. "திரும்பிப் போகிறபோது ஓடையை ஒட்டியே போ. மேகம் இறங்கினாலும் வழி தப்பாது" என்றான். வேலையை இழந்தவன் எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

முகாமில் மிச்ச நாட்களை ஓட்டினேன். கீத் என்னிடம் முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை. முட்டை பொரிக்க ஆள் இல்லை, நானே பொரித்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின காலை தனியாக உச்சிக்கு நடந்தேன். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. படம் எடுப்பவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கீழே பனி குடைந்த பள்ளங்கள் நிழலோடு தெரிந்தன. முகட்டில் வலை போட்ட திட்டுகள் ஒட்டுத் துணி போல வரிசையாக. அதற்கு அப்பால் நீலம் நீலமாக மலைகள், எல்லையே இல்லாமல். கல் குவியலில் உட்கார்ந்தேன். காற்றைத் தவிர ஒரு சத்தம் இல்லை.

இங்கே மாடு வந்தது தவறு; அதை எடுத்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சரியை நான் சொன்னதற்கு ஒரு மனிதன் தன் வேலையை விலையாகக் கொடுத்தான். நான் எதுவும் கொடுக்கவில்லை. எங்கள் மலையில் வந்து உட்கார்ந்தது மரம். அதைச் சொன்னால் விலை கொடுக்க வேண்டியவன் நான். இவ்வளவு நேரான கணக்கைப் பதினெட்டு வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். குளிரில் கண்ணில் நீர் வழிந்தது. குளிரால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நார்த்மீட் திரும்பியதும் ராணியின் குசினி மேசையில் காகிதத்தை விரித்தேன். இரண்டு நாள் எழுதினேன். எருமையைத் தடுக்கும் வழி பற்றி நாலு வரி: தேவையில்லை. மரம் நடுவதை நிறுத்த வேண்டிய சரிவுகள் பற்றி ஒன்பது பக்கம். அந்தச் சரிவுகளில் நட உத்தரவிட்டவன் நான்தான் என்பதையும் பெயர் போட்டு எழுதினேன். பட்டியில் செத்த எருமையைப் பற்றியும் எழுதினேன்.

ராணி கோப்பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அண்ணை, என்ன, முகம் இப்பிடி இருக்கு? வருத்தமே?"

'வருத்தம்' என்றால் அவர்கள் ஊரில் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. "ஆமாங்க, கொஞ்சம் வருத்தம்தான்" என்றேன். அவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

ஊட்டியில் மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான்.

"இதுக்கா உங்களை அவ்வளவு தூரம் அனுப்பினோம்?"

"ஆமா சார்."

"அந்த ஒன்பது பக்கத்தை எடுத்துட்டுக் குடுங்க. நான் எதுவும் பார்க்கல."

"எடுக்க முடியாது சார்."

ஒரு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. ராமநாதபுரத்தில் கண்மாய்க் கரை பலப்படுத்தும் வேலை. மலையே இல்லாத இடம். என் மனைவி பாத்திரங்களைக் கட்டும்போது காரணம் கேட்டாள். முழுவதையும் சொன்னேன். அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, "எருமை செத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு திருமணத்துக்காக ஊட்டி போனேன். மறுநாள் நடந்தே அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். நான் எழுதிய சரிவுகள் மொத்தம் ஏழு. ஆறில் சீகை ஆள் உயரத்துக்கு நின்றது. ஏழாவதில் மட்டும் மரமில்லை. கன்றுக்காக வெட்டிய குழிகள் வரிசை வரிசையாகத் தூர்ந்து, புல் மூடிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் அறிக்கையைப் படித்து யாராவது நிறுத்தினார்களா, அல்லது அந்த வருஷம் கன்று போதாமல் விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. அலுவலகம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. எருமைகள் என்னைக் கண்டு தலையைத் தூக்கிப் பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடியும் மேய ஆரம்பித்தன.